வீட்டு உரிமையாளர் காபி கேட்டாலும் எழ வேண்டாம்

இன்றைய உலகில் எல்லாமே இலவசம். இதை இன்னும் அறியாதவர் யாராவது இருந்தால், அவரைப் பிடித்து அருங்காட்சியகத்தில் உட்கார வைத்து 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டிவிட வேண்டும். அறிவு இலவசம், ஆலோசனை இலவசம், யாரோ முகம் தெரியாதவர்களின் குடும்பச் சண்டை படத்தோடும் ஒலியோடும் இலவசம். ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த ஒரு விரல் இருந்தால் போதும். 'இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்களே' என்று இழுப்பவர்கள் முன்னேற்றத்தின் பரம விரோதிகள். அவர்கள் கதையைக் கேட்காமல் எழுந்து போகலாம், அதுவும் இலவசம்தான்.

இந்த மகத்தான யுகத்தின் பயனை முழுமையாக அனுபவித்தவர் டைப் அக்கா. மக்கள் குறைதீர்ப்பு அலுவலகத்தில் பதினான்கு வருடமாகத் தட்டச்சு செய்பவர்.

அந்த அலுவலகத்தின் பெருமையை இரண்டு வரியாவது சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். சென்ற ஆண்டு அதன் மேலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'இனி அலுவலகக் காகிதங்களில் "குறை" என்ற சொல் வரும் இடமெல்லாம் "புகார்" என்றே தட்டச்சு செய்யப்பட வேண்டும்.' காரணம் யாருக்கும் புரியவில்லை. மாத அறிக்கை வந்தபோதுதான் புரிந்தது. 'நிலுவையிலுள்ள குறைகள்: ஏதுமில்லை' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார். எரியாத தெருவிளக்கு எரியாமலேதான் இருந்தது. ஆனால் அது இப்போது குறை இல்லை, புகார். ஒரே காகிதத்தில் நாலாயிரம் குறைகளைத் தீர்த்த மகானுக்கு அவ்வருடமே ஒரு கேடயம் கொடுத்தார்கள். டைப் அக்காவுக்குக் கிடைத்தது ஒரு பழக்கம். 'குறை' என்று கண்ணில் பட்டால் போதும், விரல்கள் தாமாகவே 'புகார்' என்று அடித்துவிடும்.

அக்காவின் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பன்னிரண்டு நாளாக அது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெற்றவள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட மடியில் வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, சனிக்கிழமை பாப்பாவை வெளியில எடுத்து என் மடியில வைக்கிறோம்னு நர்ஸ் சொல்றாங்க. ஆனா தலையைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு உல்லன் தொப்பி வேணுமாம். தலை குளிர்ந்துச்சுன்னா திரும்பப் பெட்டிக்குள்ளதானாம். இன்னும் ஒரு வாரம்."

"கடையில கேட்டுப் பாத்தியா?"

"இருக்கிறதுலயே சின்னதை வாங்கிப் போட்டுப் பாத்தாச்சு. தாடை வரைக்கும் இறங்குது, முகமே காணோம். அக்கா... நீ உன் பையனுக்குப் பின்னினியே, அதே மாதிரி ஒண்ணு."

அதே மாதிரி! சொல்வதற்கு எவ்வளவு சுலபம். அக்காவின் பையனும் ஓர் அவசரக்குடுக்கை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏழாம் மாதமே வந்து குதித்தவன். அப்போது அக்கா பதினோரு தடவை பின்னி, பதினோரு தடவை பிரித்து, பன்னிரண்டாவது தடவை ஒரு தொப்பியைக் கண்டுபிடித்தார். ஆம், கண்டுபிடித்தார். ஒரு கோணல் இல்லாமல், ஒரு சுருக்கம் இல்லாமல், பிஞ்சுத் தலையில் போய் உட்கார்ந்த தொப்பி. அதை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார். வீடு மாறியபோது அந்த நோட்டு எங்கேயோ மாறிப்போய்விட்டது.

கைக்கு நினைவிருக்கும் என்று நம்பி ஊசியை எடுத்தார். முதல் தொப்பி வெங்காயம் போட்டு வைக்கும் பையாக வந்தது. இரண்டாவது எண்ணெய் ஊற்றும் புனல். உச்சியில்தான் சிக்கல். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். அந்தக் கண்ணிகளை எந்த வரிசையில் குறைக்கத் தொடங்குவது, எத்தனைக்கு ஒன்று குறைப்பது என்ற கணக்கு மண்டையிலிருந்து சுத்தமாகப் போயிருந்தது.

"நீங்க எந்தக் காலத்துலக்கா இருக்கீங்க?" என்றார் பாஸ்வேர்டு. மறுநாள் காலை அக்காவின் கஷ்டத்தைக் கேட்ட கணினிப் பிரிவின் பொறுப்பாளர். அலுவலகத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லும் அவருக்கு மனப்பாடம். தன்னுடையதை மட்டும் வாரம் ஒருமுறை மறந்துவிடுவார். ஐம்பது வயது ஆகியும் டைப் அக்காவை 'அக்கா' என்பார். அக்கா அவரை 'அண்ணே' என்பார். "நோட்டு காணாமப் போச்சு, பேப்பர் காணாமப் போச்சுன்னுக்கிட்டு! நெட்ல போய்த் தட்டுங்க. லட்சக்கணக்குல பேட்டர்ன் கொட்டிக் கிடக்கு. அத்தனையும் இலவசம்!"

"சும்மாவா குடுப்பாங்க?"

"சும்மாதான்க்கா! உலகத்துல நல்லவங்க இல்லேன்னா நினைச்சீங்க?"

புதன்கிழமை மதிய இடைவேளையில், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே, அக்கா 'குறைமாதக் குழந்தை தொப்பி பேட்டர்ன் இலவசம்' என்று தட்டினார். பழக்கதோஷத்தில் முதலில் 'புகார்மாதக் குழந்தை' என்று விழுந்தது. திருத்தியதும் அரை நொடியில் நாற்பத்தெட்டு லட்சம் விடைகள் வந்தன. முதலில் நின்றது 'பின்னல் சொர்க்கம்' என்ற தளம். வெளிநாட்டு மொழித் தளம்தான்; ஆனால் பார்ப்பவரின் மொழிக்குத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் பெருந்தன்மை அதற்கு உண்டு. நெற்றியில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'எங்களிடம் இருப்பதெல்லாம் உங்களுடையதே!'

"படிங்க, படிங்க," என்றார் பாஸ்வேர்டு, திரையைத் தொட்டுக் காட்டி. "சொந்தக்காரன் சொல்வானா இப்படி?"

சொர்க்கம் என்றால் வாசல் இருக்கும் அல்லவா? முதல் வாசலில் குக்கீ வேண்டுமா என்று கேட்டார்கள். தருவது போலக் கேட்டு எடுத்துக்கொள்ளும் இந்த விருந்தோம்பல் நம் முன்னோர்களுக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டாம் வாசலில் மின்னஞ்சல். மூன்றாம் வாசலில் கைபேசி எண், 'உங்களை நாங்கள் தவறவிடாமல் இருக்க'. நான்காம் வாசலில் கடவுச்சொல். அக்கா தங்கையின் செல்லப் பெயரைப் போட்டார். 'பலவீனமாக உள்ளது' என்றது. தம் பிறந்த தேதியைச் சேர்த்தார். 'இன்னும் பலவீனம்.' வாயில் வந்த ஒரு வசவைச் சேர்த்தார். 'மிக வலுவானது' என்று பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்து, அவர் மனிதர்தானா என்ற ஐயம் சொர்க்கத்துக்கு எழுந்தது. ஒன்பது படங்களில் படிக்கட்டு எங்கெங்கே என்று காட்டச் சொன்னது. அக்கா காட்டினார். கைப்பிடியும் படிக்கட்டில் சேர்த்தியா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, மூன்று முறை அவர் மனிதர் இல்லை என்று தீர்ப்பானது.

"அண்ணே, என்னண்ணே இது?"

"பாதுகாப்புக்கா! கண்டவன் எல்லாம் உள்ள வந்துடக் கூடாதில்ல?"

"தொப்பியைத் திருட யாருண்ணே வரப்போறான்?"

பாஸ்வேர்டு அதற்கு ஒரு புன்னகை புரிந்தார். விவரம் தெரிந்தவர்கள் விவரம் தெரியாதவர்களைப் பார்த்துப் புரியும் புன்னகை.

ஆறாம் வாசலில் ஒரு வினாத்தாள்: 'நீங்கள் எந்த வகை ஊசி?' மழை பிடிக்குமா, கோபம் வந்தால் பேசுவீர்களா அழுவீர்களா என்றெல்லாம் இருபது கேள்விகள். முடிவில் 'வாழ்த்துகள்! நீங்கள் ஒரு மூங்கில் ஊசி. வளைவீர்கள், உடைய மாட்டீர்கள்' என்று சான்றிதழ் வந்தது. அதைக் கடந்தால் 'பின்னல் என் வாழ்வை மாற்றிய கதை' என்று ஒரு கட்டுரை. அதை அடிவரை தள்ளினால்தான் பதிவிறக்கப் பொத்தான். பொத்தான் ஒன்றல்ல, ஆறு. ஆறும் பச்சை. ஐந்து பொய். ஒன்றை அழுத்தியதும் அலுவலகக் கணினியில் பாம்பு விளையாட்டு ஒன்று இறங்கி ஓட ஆரம்பித்தது. அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. சோறு பாத்திரத்தில் அப்படியே இருந்தது. சனிக்கிழமைக்கு மூன்று நாளே பாக்கி.

வியாழக்கிழமை காலை மாதாந்திர ஆய்வுக் கூட்டம். மேலாளர் எழுந்து நின்று 'குறையே இல்லாத சமுதாயம்' பற்றி உரையாற்ற, அக்கா தம் கணினியிலிருந்து பெரிய திரையில் அட்டவணைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். மேலாளர் ஒரு நல்ல சொல்லுக்காகத் தடுமாறி நின்ற நேரம் பார்த்து, திரையின் நடுவில் மணியோசையுடன் ஓர் அறிவிப்பு மலர்ந்தது: 'மறந்துவிடாதீர்கள்! நீங்கள் ஒரு மூங்கில் ஊசி. வளைவீர்கள், உடைய மாட்டீர்கள்!'

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மேலாளர் திரையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்கள் பனித்தன.

"இதைத்தான்," என்றார், "இதைத்தான் நான் இத்தனை வருஷமா உங்களுக்குச் சொல்ல நினைச்சேன். வார்த்தை கிடைக்கலை. வளையணும்! உடையக் கூடாது! யாரு இதைப் போட்டது?"

"நான்தான் சார்," என்றார் அக்கா, ஈனக் குரலில்.

"பிரமாதம்மா! பின்னிட்டீங்க!"

அன்று மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது. 'அலுவலர் அனைவரும் இன்று முதல் மூங்கில் ஊசியாக நடந்துகொள்ள வேண்டும். தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' இது தனிக்கதை, விட்டுவிடுவோம்.

கூட்டம் முடிந்து மதியம் வந்தது. ஆறில் மெய்யான பொத்தான் எது என்பதை பாஸ்வேர்டு தம் முப்பது வருட அனுபவத்தைக் கொண்டு ஆறாவது முயற்சியில் கண்டுபிடித்தார். பேட்டர்ன் திறந்தது. மேலே பல் முளைத்த ஒரு குண்டுக் குழந்தை சிரித்தது. கீழே, 'எங்கள் நிபுணர் குழு உருவாக்கியது'. அதன் கீழே தமிழில் செய்முறை.

பாஸ்வேர்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'வெள்ளைப் புத்தகம் ஒரு உருண்டை எடுத்துக்கொள்ளவும். அறுபது பொறிகள் வைக்கவும். நதி வரிசைகள் நெருக்கமாகச் செல்லவும். இருபத்து நான்காம் வரிசையில் நதிப் பொறிக்கு ஒரு புகார் அளிக்கவும். அடுத்த வரிசையை இலவசமாகப் பின்னவும்...' என்னக்கா இது? நதின்னா ஆறு. ஆத்துல எலிப்பொறி வெச்சு, யாருகிட்டப் போய்ப் புகார் குடுக்கிறது?"

அக்காவுக்கு 'புகார்' என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. பதினான்கு வருடம் தட்டச்சு செய்தவர். அதில் கடைசி ஒரு வருடமாக 'குறை'யைக் கொன்று 'புகார்' ஆக்கிக்கொண்டிருப்பவர். அந்தச் சடலத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியாதா?

"அண்ணே, அது புகார் இல்ல. குறை. ஒண்ணு குறை!"

"என்ன குறை?"

"கண்ணியைக் குறைக்கிறது! இப்ப நீங்க என்ன சொன்னீங்க? நதின்னா ஆறு. இது ஓடுற ஆறு இல்லண்ணே, அஞ்சுக்கு அடுத்த ஆறு. பொறின்னா கண்ணி. எலிக்கு வெச்சா பொறி, குருவிக்கு வெச்சா கண்ணி. 'ஆறு கண்ணிக்கு ஒண்ணு குறை'! வெள்ளைப் புத்தகம்னா வெள்ளை நூல்!"

சொல்லும்போதே அக்காவின் குரல் தாழ்ந்தது. வேறு எந்த மொழியில் ஆறும் ஆறும் ஒன்று? வேறு யாருக்கு நூலும் நூலும் ஒன்று? இதை எந்த நிபுணர் குழு எழுதியிருந்தாலும், முதலில் தமிழில்தான் எழுதியிருக்க வேண்டும். யாரோ தமிழில் எழுதியதைத் தூக்கி, வெளிநாட்டு மொழியில் முக்கி எடுத்து, திரும்பத் தமிழில் பிழிந்து காயப்போட்டிருக்கிறார்கள்.

"அடுத்த வரியைப் படிங்கண்ணே."

"'இந்த இடத்தில் அவசரம் கூடாது. வீட்டு உரிமையாளர் காபி கேட்டாலும் எழ வேண்டாம். எண்ணிக்கை சென்றுவிடும்.' வீட்டு ஓனர் எதுக்குக்கா வந்து காபி கேக்கறாரு? வாடகை பாக்கியா?"

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர்! ஓனர் இல்லை, அக்காவின் வீட்டுக்காரர். கட்டிய புருஷன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மிகச் சரியாக உச்சியை அடைந்த நேரத்தில் 'ஒரு காபி கிடைக்குமா?' என்று கேட்டு, அக்கா எழுந்து போய், எண்ணிக்கை தப்பி, பதினோராவது தடவை தொப்பியைப் பிரிக்க வைத்த அதே மனிதர். அந்த எரிச்சலில் நோட்டில் எழுதிய வரி: 'இங்கே அவசரப்படாதீங்க. வீட்டுக்காரர் காபி கேட்டாலும் எந்திரிக்காதீங்க. எண்ணிக்கை போயிடும்.'

நோட்டோடு நிற்கவில்லை. அப்போது இணையத்தில் தாய்மார்களுக்கென்று ஒரு சின்னப் பக்கம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் எழுதிக்கொள்ளும் இடம். 'யாருக்காவது உதவட்டும்' என்று அக்கா தொப்பியை வரி பிசகாமல் அங்கே எழுதிப் போட்டார். மின்னஞ்சல் கேட்கவில்லை, படிக்கட்டு காட்டச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பெரிய மீன் ஒன்று அந்தச் சின்ன மீனை விழுங்கியது. வயிற்றில் இருந்த தொப்பியும் கூடவே போயிற்று.

"அண்ணே," என்றார் அக்கா. "இது நான் எழுதினதுண்ணே. என் பையனோட தொப்பி."

பாஸ்வேர்டு திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அட! அப்ப நீங்கதான் அந்த நிபுணர் குழுவா?"

மூலையில் 'உதவித் தோழி' என்ற பொம்மை ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். கோபத்தில் அவர் தட்டினால் மேசை ஆடும்.

'இந்த பேட்டர்ன் நான் எழுதியது.'

'அருமை! எங்கள் வடிவம் உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி!'

'பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. என்னுடையது என்கிறேன்.'

'ஆம்! எங்களிடம் இருப்பதெல்லாம் உங்களுடையதே!'

'அப்படியென்றால் என் பெயரைப் போடுங்கள். அது முடியாவிட்டால் தப்பையாவது திருத்துங்கள். இதைப் பார்த்துப் பின்னினால் ஒரு குழந்தைக்கும் தொப்பி வராது. எத்தனை பேர் நம்பி இறக்கியிருப்பார்கள்?'

'இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் பேர்! தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. பரிசீலனையில் உள்ளது. மேல்விவரம் கேட்டு அணுகத் தேவையில்லை.'

அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன.

"பாத்தீங்களா?" என்றார் பாஸ்வேர்டு. "இயந்திரமா இருந்தாலும் எவ்வளவு மரியாதையா பதில் சொல்லுது!"

"ஆமாண்ணே," என்றார் அக்கா. "இந்த வரியும் என்னுதுதான். தினம் நாப்பது பேருக்கு அடிக்கிறேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு நேரமில்லை. தாளை எடுத்து, நதியை ஆறாக்கி, பொறியைக் கண்ணியாக்கி, புத்தகத்தை நூலாக்கி, தம்முடைய தொப்பியைத் தாமே மொழிபெயர்த்து எழுதிக்கொண்டார். கடைசி வரி மட்டும் கொஞ்சம் அச்சமூட்டியது: 'பொறியை எட்டியதும் புத்தகத்தை இழுக்கவும். கூந்தல்.' எட்டு கண்ணி ஆனதும் நூலை இழுத்து முடி. எழுதி முடித்தபோது அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. 'அடுத்த வரிசையை இலவசமாகப் பின்னவும்' என்பதை அவர் 'சும்மா பின்னு' என்று திருத்தினார். குறைக்காமல் கூட்டாமல் நேராகப் போ என்று பொருள். அந்தப் பக்கம் முழுவதிலும் 'இலவசம்' என்ற சொல் உண்மையாக உழைத்துச் சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

அன்று மாலை பேருந்தில் அறுபது கண்ணி ஏறியது. வெள்ளி காலை வேலைக்குப் போகும் வழியில் விளிம்பு முடிந்தது. வெள்ளி மாலை, இருபத்து நான்காம் வரிசையில், ஆறுக்கு ஒன்று குறைத்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "ஏம்மா, ஒரு காபி..."

"எந்திரிக்க மாட்டேன்!" என்றார் அக்கா. "ரெண்டு லட்சத்துப் பதினேழாயிரம் பேருக்குச் சொல்லியாச்சு!"

வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தாமே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டி திறந்தது. நர்ஸ் ஒரு கையில் குழந்தையின் தலையைத் தாங்கி, மறு கையால் தொப்பியை மாட்டினார். ஒரு கோணல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. காது மூடியது, கண் மூடவில்லை. குழந்தையைத் தங்கையின் மடியில் வைத்தார்கள். தங்கை மூச்சுவிடக்கூடப் பயந்து, குனிந்து பார்த்தபடியே இருந்தாள். கால் மணி கழித்து நர்ஸ் தொப்பிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, "சூடு நல்லா நிக்குது. அப்படியே வெச்சுக்கோங்க, அவசரமில்ல" என்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கிடைச்சுது இவ்வளவு கச்சிதமா?" என்று கேட்டார் நர்ஸ்.

"நெட்ல," என்றாள் தங்கை, தலை நிமிராமல். "இலவசமா."

"எவ்வளவு பெரிய மனசு பாருங்களேன் அவங்களுக்கு! யாருன்னே தெரியாத புள்ளைக்கு யாரு குடுப்பா இந்தக் காலத்துல?"

"ரொம்பப் பெரிய மனசு," என்றார் அக்கா. "என்கிட்டேர்ந்து எடுத்தாங்க. எனக்கே இலவசமாக் குடுத்துட்டாங்க. என் மெயிலு, போன் நம்பரு, பொறந்த தேதி, ரெண்டு நாள் சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான் வாங்கிக்கிட்டாங்க."

நர்ஸுக்குப் பாதிதான் புரிந்தது. "பக்கத்துப் பெட்டிப் பாப்பாவுக்கும் ஒண்ணு பின்னணும். அவங்க அம்மா கேக்கறாங்க. எழுதிக் குடுப்பீங்களா? எவ்வளவு ஆகும்?"

"சும்மாதான்," என்றார் அக்கா. கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். வீட்டுக்காரர் வரியையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தார்.

அவர் கொடுத்த புகார் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. ஆனால் அதற்காகப் பின்னல் சொர்க்கத்தைத் திருட்டுக் கூட்டம் என்று யாரும் வாய் கூசாமல் பேசிவிடக் கூடாது. திருடன் மறைப்பான், இவர்கள் எதையும் மறைக்கவில்லை. 'எங்களிடம் இருப்பதெல்லாம் உங்களுடையதே' என்று முதல் நாளே, நெற்றியிலேயே, கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை விளம்பரம் என்று நினைத்துவிட்டோம். அது வாக்குமூலம்.